சொற்களை இணைக்கும் நான்கு வழிகள்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். எங்கள் இயற்பியல் துறையில் செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வகுப்பில் 60 மாணவர்கள். அவர்களுடைய பெயர்கள் வரிசை எண்படி ஒரு கோப்பில் இருந்தன. வரிக்கு ஒரு பெயர். மதிப்பெண்களை மற்றொரு கோப்பில் நானே அடித்து வைத்திருந்தேன். வரிக்கு ஒரு மதிப்பெண். இரண்டையும் இணைக்குமாறு கணிப்பொறிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். கண் இமைப்பதற்குள் பட்டியல் தயாராகிவிட்டது.

கடைசி வரியில் மட்டும் பெயருக்கு எதிரே மதிப்பெண் இல்லை. தேர்வன்று ஒருவர் வரவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. 'அவர் இவர்தான் போலும்' என்று எண்ணிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு மாணவர் என் அறைக்கு வந்தார். "சார், செய்முறைத் தேர்வு அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். நான் வரவே இல்லை. ஆனால் எனக்கு 38 மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

அவருடைய வரிசை எண் 17. உடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் தேர்வுக்கு வராததால் மதிப்பெண் கோப்பில் அவருக்கென ஒரு வரி இல்லை. அதில் 59 வரிகளே இருந்தன. 18-ஆம் மாணவரின் மதிப்பெண் 17-ஆம் மாணவருக்குப் போயிற்று. 19-ஆம் மாணவருடையது 18-ஆம் மாணவருக்குப் போயிற்று. இப்படியே 43 பேர் தமக்கு அடுத்தவருடைய மதிப்பெண்ணைப் பெற்றுவிட்டனர். 60-ஆம் மாணவர், தேர்வை ஒழுங்காக எழுதியும், வராதவர் ஆகிவிட்டார்! அந்த மாணவர் பேசாமல் இருந்திருந்தால் தவறு என் கண்ணில் பட்டிருக்குமா என்பது ஐயமே.

கணிப்பொறி இதில் ஒரு தவறும் செய்யவில்லை. நான் கொடுத்த கட்டளையின் பொருள், "இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து ஒட்டு" என்பது. நான் விரும்பியதோ, "அவரவர் மதிப்பெண்ணை அவரவர் பெயரோடு சேர்" என்பது. பேச்சில் இரண்டையும் நாம் 'இணைப்பது' என்றே சொல்கிறோம். ஆனால் இணைப்பது என்பது ஒரே செயல் அன்று. குறைந்தது நான்கு வெவ்வேறு செயல்கள் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. அவை யாவை என்பதையும், அவற்றை ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொடர்களைக் கொண்டு எங்ஙனம் செய்வது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எழுத்துக் கோப்பு என்பது என்ன?

முதலில், நாம் இணைக்கப் போகும் பொருளைத் தெரிந்துகொள்வோம். எழுத்துக் கோப்பில் தடித்த எழுத்து, வண்ணம், படம், கட்டம் எதுவும் இராது. கணிப்பொறியின் பார்வையில் அது எண்களின் நீண்ட வரிசை, அவ்வளவே. ஒவ்வோர் எண்ணும் ஒரு 'பைட்' என்னும் இடத்தில் அமர்ந்திருக்கும். ஆங்கிலத்தின் முதல் சிறிய எழுத்துக்கு எண் 97. ஒரு வரி முடிந்தது என்பதைக் குறிக்கவும் ஓர் எண் உண்டு, அது 10.

தமிழ் எழுத்துகளுக்கு ஒரு பைட் போதாது. இன்று பெரும்பாலான கோப்புகள் யூடிஎஃப்-8 என்னும் முறையில் எழுதப்படுகின்றன. 1992-ஆம் ஆண்டு கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் வகுத்த முறை இது. இதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். 'இலை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இ, ல, ஐகாரக் குறி என்று மூன்று குறிகள். ஆகவே 9 பைட். வரி முடிவுக்கு ஒன்று சேர்த்தால் 10. கணிப்பொறிக்கு 'இலை' என்பது இந்தப் பத்து எண்கள் மட்டுமே. அது பச்சை நிறமானது என்பதோ, மரத்தில் இருப்பது என்பதோ அதற்குத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது நமக்குத் தேவைப்படும்.

ஓடும் பருப்பும்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மரே ஹில் என்னும் இடத்தில் பெல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது அங்கேதான். அதே ஆய்வுக்கூடத்தில் 1969-ல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். இன்றைய லினக்ஸ், மேக் கணிப்பொறிகள் யாவும் அந்த வழியைப் பின்பற்றியவையே.

யூனிக்ஸின் உட்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர், அதாவது பருப்பு. வெளிப்பகுதிக்கு ஷெல் என்று பெயர்; அதாவது ஓடு. நாம் விசைப்பலகையில் அடிக்கும் கட்டளைகளை வாங்கி, உள்ளே அனுப்பி, விடையைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பது ஷெல்லின் வேலை. ஒவ்வொரு முறையும் கட்டளைகளைக் கையால் அடிப்பதற்குப் பதில், அவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, "இதைப் படித்து நடத்து" என்று ஷெல்லிடம் சொல்லலாம். அந்தக் கோப்புதான் ஷெல் ஸ்கிரிப்ட். நாடகத்தில் நடிகருக்கு எழுதிக் கொடுக்கும் வசனத்தைப் போன்றது அது.

இந்த அமைப்பில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறிய வேலையை மட்டுமே செய்யும். ஒன்று வரிசைப்படுத்தும், ஒன்று எண்ணும், ஒன்று ஒட்டும். பெரிய வேலைகளுக்கு என்ன செய்வது? இதற்கான விடையை டக் மக்கில்ராய் என்னும் பெல் ஆய்வுக்கூட அறிஞர், யூனிக்ஸ் பிறப்பதற்கு முன்பே, 1964-ல் ஒரு குறிப்பில் எழுதி வைத்திருந்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயில் தேவைப்பட்டபோது இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பது போல, நிரல்களையும் ஒன்றோடொன்று சேர்க்க வழி வேண்டும் என்பது அவருடைய கருத்து. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1973-ல், தாம்சன் ஒரே இரவில் அதைச் செய்து முடித்தார். ஒரு கட்டளையின் விடை அடுத்த கட்டளைக்குள் நேரே பாயும். இதற்குப் 'பைப்', அதாவது குழாய், என்றே பெயர். | என்னும் நிமிர்ந்த கோடு அதன் அடையாளம்.

இதன் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1975-ல் ஸ்டீவ் ஜான்சன் என்பவர் எழுத்துப் பிழை காணும் கருவி ஒன்றை ஒரு பிற்பகலிலேயே எழுதிவிட்டார். கட்டுரையைச் சொற்களாகப் பிரித்து வரிக்கு ஒன்றாக எழுது, அகர வரிசைப்படுத்து, திரும்ப வருவனவற்றை நீக்கு, அகராதியோடு ஒப்பிட்டு, அதில் இல்லாதவற்றைக் காட்டு. ஏற்கெனவே இருந்த சிறு கருவிகளைக் குழாய்களால் பொருத்தியதே அவர் செய்த வேலை.

இனி நம் நான்கு வழிகளுக்கு வருவோம். கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணிப்பொறியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். கோப்பின் பெயரும் உள்ளே இருக்கும் சொற்களும் தமிழிலேயே இருக்கலாம்.

முதல் வழி: ஒன்றன் பின் ஒன்று

ரயில் பெட்டிகளைக் கோப்பது போன்றது இது. முதல் கோப்பு முடிந்த இடத்தில் இரண்டாம் கோப்பு தொடங்கும். இதற்குரிய கட்டளை 'கேட்' (சி, ஏ, டி). பூனைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. தொடராகக் கோத்தல் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல் ஒன்றின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு இது.

பறவைகளைப் பார்க்கச் சென்ற மாணவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து குறிப்பு எடுத்தனர் என்க. முதல் குழுவின் கோப்பில் காகம், மைனா, கிளி, குயில் உள்ளன. இரண்டாம் குழுவின் கோப்பில் மைனா, மீன்கொத்தி, காகம், கொக்கு உள்ளன. எல்லாரும் சேர்ந்து பார்த்த பறவைகள் யாவை?

கேட் குழு1 குழு2 | சார்ட் | யூனிக்

கேட் இரண்டையும் கோத்து 8 வரிகளாக்கும். சார்ட் அவற்றை வரிசைப்படுத்தும். யூனிக் (யு, என், ஐ, க்யூ என்னும் நான்கே எழுத்துகள்) திரும்ப வரும் வரிகளை நீக்கும். விடை 6 பறவைகள்.

நடுவில் சார்ட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யூனிக் ஒரு வரியை அதற்கு முந்திய வரியோடு மட்டுமே ஒப்பிடும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலும் இடையில் வேறு பெயர் இருந்தால் அது கண்டுகொள்ளாது. வரிசைப்படுத்தினால் ஒரே மாதிரியான வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். யூனிக்கின் வேலை எளிதாகும். கோப்பு எவ்வளவு பெரிதாயினும் அது ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும். சிறிய கருவிகள் ஒன்றுக்கொன்று உதவுவது இப்படித்தான்.

இரண்டாம் வழி: அருகருகே

ஜிப் வைத்த பையின் இரு பக்கப் பற்களும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் கோப்பின் முதல் வரியோடு இரண்டாம் கோப்பின் முதல் வரி. இரண்டாம் வரியோடு இரண்டாம் வரி. இதற்குரிய கட்டளை 'பேஸ்ட்'. ஒட்டு என்று பொருள்.

பேஸ்ட் பெயர்கள் மதிப்பெண்கள்

நான் கொடுத்த கட்டளை இதுதான். இது சொற்களைப் பார்ப்பதே இல்லை. அவை நிற்கும் இடத்தை மட்டுமே பார்க்கிறது. ஜிப்பில் ஒரு பல் விடுபட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் பின் எல்லாமே கோணலாகிவிடும். இரண்டு கோப்புகளில் ஒன்று குட்டையாக இருந்தாலும் பேஸ்ட் எச்சரிக்கை எதுவும் தராது. இல்லாத வரிகளை வெறுமையாக விட்டுத் தன் வேலையை முடித்துவிடும்.

அப்படியானால் பேஸ்ட் பயனற்றதா? இல்லை. நிமிடத்துக்கு ஒரு முறை அளந்த வெப்பநிலை ஒரு கோப்பிலும், அதே நிமிடங்களில் அளந்த அழுத்தம் மற்றொரு கோப்பிலும் இருந்தால் அவற்றை இணைக்கப் பேஸ்ட்டே ஏற்றது. அங்கே இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. மாணவர் பட்டியலிலோ, இடம் அன்று, ஆள்தான் முக்கியம்.

மூன்றாம் வழி: அடையாளம் பார்த்து

திருமண வீட்டில் செருப்புகளைப் பாதுகாப்பவர் ஆளுக்கு ஒரு வில்லை கொடுத்து, அதே எண்ணுள்ள வில்லையைச் செருப்பிலும் மாட்டி வைப்பதுண்டு. யார் எப்போது வந்து கேட்டாலும் வில்லையின் எண்ணைப் பார்த்துக் கொடுத்துவிடலாம். 'ஜாயின்' என்னும் கட்டளையின் வழி இதுவே.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? இரண்டு கோப்புகளிலும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மாணவரின் வரிசை எண்ணை எழுதியிருக்க வேண்டும். பெயர்க் கோப்பில் 60 வரிகள். மதிப்பெண் கோப்பில் 59 வரிகள். அதில் 017 என்னும் எண் மட்டும் இராது.

ஜாயின் பெயர்கள் மதிப்பெண்கள்

இப்போது கணிப்பொறி எண்ணோடு எண்ணை ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் 59 பேருக்கு மட்டும் விடை தரும். 017-ஐ அடுத்தவரோடு ஒட்டாது. வராதவரையும் பட்டியலில் காட்ட விரும்பினால், ஜாயின் என்பதை அடுத்து -ஏ 1 என்று சேர்க்க வேண்டும். "முதல் கோப்பில் துணையின்றி நிற்கும் வரிகளையும் காட்டு" என்று அதற்குப் பொருள். அப்போது 60 வரிகள் கிடைக்கும்; 017 என்னும் எண்ணுக்கு எதிரே பெயர் மட்டும் இருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஜாயினுக்குக் கொடுக்கும் இரு கோப்புகளும் முன்பே சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, எண்களை 1, 2, 10 என்று எழுதாமல் 001, 002, 010 என்று சமமான இலக்கங்களில் எழுதுவது நல்லது. ஏனெனில், சார்ட் அவற்றை எண்களாகப் பார்ப்பதில்லை, எழுத்துகளாகவே பார்க்கிறது. அகராதியில் 'கடல்' என்பது 'கண்' என்பதற்கு முன் வருவது போல, 10 என்பது 2-க்கு முன் வந்து நின்றுவிடும்!

நான்காம் வழி: ஒவ்வொன்றும் எல்லாவற்றோடும்

வாய்ப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் மற்ற எல்லா எண்களோடும் ஒரு முறை சந்திக்கிறது. சொற்களையும் அவ்வாறே சந்திக்க வைக்கலாம். 'முன்' என்னும் கோப்பில் மா, வாழை, பலா என்னும் மூன்று சொற்கள். 'பின்' என்னும் கோப்பில் மரம், இலை, பழம் என்னும் மூன்று சொற்கள். இவற்றால் ஆகக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் எழுத வேண்டும். இதற்கெனத் தனிக் கட்டளை தேட வேண்டியதில்லை. நாமே ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

வைல் ரீட் எக்ஸ்
டூ
வைல் ரீட் ஒய்
டூ
எக்கோ "$எக்ஸ்+$ஒய்"
டன் < பின்
டன் < முன்

இதன் பொருள் வருமாறு: 'முன்' கோப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்து எக்ஸ் என்று வைத்துக்கொள். அதை விடாமல் கையில் பிடித்தபடி, 'பின்' கோப்பின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒய் என்று வைத்துக்கொள். இரண்டையும் நடுவில் ஒரு கூட்டல் குறியோடு எழுது. 'பின்' கோப்பு தீர்ந்ததும் 'முன்' கோப்பின் அடுத்த சொல்லுக்குப் போ. ஒரு சுழற்சிக்குள் மற்றொரு சுழற்சி! கடிகாரத்தில் மணி முள் ஓர் எண் நகர்வதற்குள் நிமிட முள் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது அல்லவா? அதைப் போல.

மூன்றையும் மூன்றையும் இப்படி இணைத்தால் 9 வரிகள் கிடைக்கும். இங்கே நடப்பது கூட்டல் அன்று, பெருக்கல். பெருக்கல் எவ்வளவு விரைவாக வளரும் என்பதற்கு ஒரு சான்று பாருங்கள். 1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் கடவுச்சொல் அமைக்க டைஸ்வேர் என்னும் முறையை வகுத்தார். ஒரு பட்டியலில் 7,776 சொற்கள். ஏன் 7,776? ஐந்து தாயக் கட்டைகளை, ஆறு முகம் உள்ளவற்றை, உருட்டினால் விழக்கூடிய வகைகள் அத்தனை. 6-ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. உருட்டி விழுந்த எண்ணுக்கு உரிய சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு சொற்களை எடுத்துச் சேர்த்தால் 6 கோடிக்குச் சற்று மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. வினாடிக்கு நூறு கோடி சேர்க்கைகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தால், வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட அதற்குத் தேவைப்படாது. ஆறு சொற்களைச் சேர்த்தாலோ, 22-ஐ எழுதிப் பின்னால் 22 சுழிகள் போட்ட எண்ணிக்கை ஆகிவிடும்! அதே இயந்திரம் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகள் ஆகும். பட்டியல் இரகசியமானது அன்று, எல்லாரும் பார்க்கலாம். பாதுகாப்பைத் தருவது பெருக்கலே. ஆனால் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியவை தாயக் கட்டைகள். நம் மனம் அன்று. மனம் தனக்குப் பிடித்த சொற்களையே திரும்பத் திரும்பத் தேடிப் போகும்.

தமிழ்ச் சொற்கள் சேரும்போது

நம் ஒன்பது வரிகளுக்குத் திரும்புவோம். நடுவிலுள்ள கூட்டல் குறியை நீக்கிவிட்டால் கணிப்பொறி தருவது இது: மாமரம், மாஇலை, மாபழம், வாழைமரம், வாழைஇலை, வாழைபழம், பலாமரம், பலாஇலை, பலாபழம்.

இவற்றில் சரியானவை எத்தனை? மாமரம், வாழைமரம், பலாமரம் ஆகிய மூன்றே. மற்ற ஆறும் பிழை. மாவிலை, மாம்பழம், வாழையிலை, வாழைப்பழம், பலாவிலை, பலாப்பழம் என்றல்லவா நாம் சொல்கிறோம்? தமிழில் இரு சொற்கள் சேரும்போது அவற்றின் எல்லையில் எழுத்துகள் தோன்றும், மாறும், மறையும். புணர்ச்சி என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். கணிப்பொறி அந்த வகுப்பில் இருந்ததில்லை. அதற்கு 'இலை' என்பது ஒன்பது பைட் மட்டுமே என்று முன்பே பார்த்தோம்.

ஆகவே இலக்கணத்தை நாமே அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எழுத்துகளை மாற்ற உதவும் கட்டளை 'செட்' (எஸ், இ, டி). நம் ஸ்கிரிப்டின் விடையை ஒரு குழாய் வழியாகச் செட்டுக்குள் பாய்ச்சிப் பின்வரும் விதிகளை இதே வரிசையில் கொடுக்கலாம்.

1. மா+பழம் என்பதை மாம்பழம் ஆக்கு.
2. +ப என்று வந்தால் ப்ப ஆக்கு.
3. ஐகாரக் குறியை அடுத்து +இ வந்தால் அந்த +இ-யை யி ஆக்கு.
4. துணைக்காலை அடுத்து +இ வந்தால் அந்த +இ-யை வி ஆக்கு.
5. எஞ்சிய + குறிகளை நீக்கு.

இப்போது ஒன்பதும் சரியாக வரும். இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதல் விதியை இரண்டாம் விதிக்குப் பின் வைத்தால் 'மாப்பழம்' தோன்றிவிடும், வரிசை முக்கியம். அடுத்து, கூட்டல் குறியை எதற்காக நடுவில் வைத்தோம் என்பது இப்போது புரிந்திருக்கும். சொற்கள் சேரும் எல்லை எது என்று கணிப்பொறிக்குத் தெரியாது. குறி இல்லாமல், "துணைக்காலை அடுத்துப் ப வந்தால் ப்ப ஆக்கு" என்று சொல்லியிருந்தால், எங்கோ வரும் 'லாபம்' என்னும் சொல்லையும் அது 'லாப்பம்' ஆக்கிவிடும்!

எண்ணிப் பார்த்து நம்புக

இயற்பியல் கணக்குப் போட்டு முடித்ததும் விடையின் பரிமாணம் சரியா என்று பார்க்கும்படி உங்கள் ஆசிரியர் சொல்வார். நீளம் கேட்ட இடத்தில் விடை வினாடியில் வந்தால், மேற்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை, எங்கோ தவறு. கோப்புகளை இணைக்கும்போதும் அத்தகைய சோதனை ஒன்று உண்டு. வரிகளை எண்ணுவதே அது. அதற்குக் கட்டளை 'டபிள்யூ-சி' (இரண்டே எழுத்துகள், இடையில் கோடில்லை). வரிகளை மட்டும் எண்ண -எல் என்று உடன் சேர்க்க வேண்டும்.

என் 60 பெயர்களையும் 59 மதிப்பெண்களையும் எடுத்துக்கொள்வோம். கேட் கட்டளையால் இணைத்தால் 119 வரிகள். பேஸ்ட்டால் இணைத்தால் 60. அடையாளம் பார்த்து ஜாயினால் இணைத்தால் 59. ஒவ்வொன்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் 3,540. அதே இரு கோப்புகள். நான்கு வெவ்வேறு விடைகள். அன்று பட்டியலை ஒட்டுவதற்கு முன் இரு கோப்புகளின் வரிகளையும் எண்ணிப் பார்த்திருந்தால், 60-க்கும் 59-க்கும் இடையேயுள்ள அந்த ஒன்று என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கும். எண்ணுவதற்கு ஐந்து வினாடிகூட ஆகியிராது. எண்ணாமல் விட்டதால், 44 பேரின் பெயர்களுக்கு எதிரே தவறான செய்தி ஒரு நாள் முழுதும் அறிவிப்புப் பலகையில் தொங்கியது.

நீங்களே செய்து பாருங்கள்

லினக்ஸ் அல்லது மேக் கணிப்பொறி கிடைத்தால் டெர்மினல் என்னும் சாளரத்தைத் திறந்து, மேலே சொன்னவற்றைச் செய்து பாருங்கள். விடையை ஒரு கோப்பில் சேமிக்க விரும்பினால் கட்டளையின் முடிவில் > குறியிட்டுப் புதிய கோப்பின் பெயரை எழுதுங்கள். எந்தக் கோப்பைப் படிக்கிறீர்களோ அதே பெயரை அங்கே எழுதிவிடாதீர்கள். படிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும். உள்ளே இருந்தவை போனவை போனவைதான்.

அடுத்து, 'முன்' கோப்பில் நான்காவதாகப் 'பனை' என்னும் சொல்லைச் சேர்த்து ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பன்னிரண்டு வரிகள் வர வேண்டும், எண்ணிப் பாருங்கள். பனைமரம் சரியாக வரும். பழத்துக்கு வரும்போது கணிப்பொறி 'பனைப்பழம்' என்று எழுதும். நாம் சொல்வதோ பனம்பழம். வாழை, பனை இரண்டும் ஐகாரத்தில் முடிந்தாலும் ஒரே விதிக்குக் கட்டுப்படவில்லை! இதற்கு ஒரு புதிய விதி எழுதுங்கள். அதை எத்தனையாவது இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள்.

இலைக்கு உரிய வரி 'பனையிலை' என்று வரும். விதிகளின்படி அதில் பிழை ஏதும் இல்லை. செட் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் கிராமத்துச் சிறுவன் ஒருவனிடம் அதைக் காட்டினால் சிரித்துவிடுவான். பனையில் இருப்பது இலை அன்று, ஓலை என்று அவனுக்குத் தெரியும். பத்து பைட்டுகளைப் பார்த்து அதைச் சொல்ல ஷெல்லால் ஆகாது. சொற்களை ஒட்டுவது அதன் வேலை. எந்தச் சொல்லை எதனோடு, எந்த வழியில் ஒட்டுவது என்று முடிவு செய்வது உங்கள் வேலை.